பினாங்கு வீட்டு வாசலில் வேப்பிலை

சனிக்கிழமை மாலை நாலே கால் மணிக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. துறைமுகத்து மணிக்கூண்டு அடித்து ஓய்ந்த கையோடு எங்கள் வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் மாடியில் பின்னறையில் மகளின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். கீழே சிமெண்டுத் தரையில் மரச்செருப்பு டக் டக் என்று நடந்தது. அதன் பின்னாலேயே இன்னொரு மரச்செருப்பு, சின்னது, அவசரமானது. அடுத்த வீட்டுச் சீன அம்மாளும் அவளுடைய நாலு வயதுப் பேத்தியும்.

யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில் இருந்தேன். முதல் நாள் காலையிலேயே வாசல் நிலையில் வேப்பிலையும் மஞ்சள் துணியும் கட்டிவிட்டேன். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

கிருஷ்ணகிரி, சூளகிரி, நாகரசம்பட்டி, எங்கள் பக்கத்தில் எந்த ஊருக்குப் போனாலும் வாசலில் அந்தக் கொத்து தொங்கினால் தபால்காரர்கூடத் தெருவிலேயே நின்றுவிடுவார். தமிழ் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள் என்று வித்தியாசம் கிடையாது. எங்கள் தெருவின் முஸ்லிம் குடும்பங்களும் இலையைப் பார்த்தால் எதிர்ப்பக்கமாக ஒதுங்கித்தான் போவார்கள். நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டோம். அம்மா வந்திருக்கிறாள் என்பதோடு சரி. அம்மா வந்திருக்கிற வீட்டில் தாளிப்பதில்லை, உரக்கப் பேசுவதில்லை, யாரையும் கடிந்துகொள்வதில்லை. வருகிறவரை வா என்றும் கூப்பிடுவதில்லை, போ என்றும் விரட்டுவதில்லை. இலை எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

நான் படிக்காதவள் இல்லை. ஆசிரியைப் பயிற்சி முடித்து, கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பள்ளிக்கூடத்தில் ஆரோக்கிய பாடம் நடத்தியவள். பெரியம்மைக்கும் சின்னம்மைக்கும் என்ன வித்தியாசம் என்று கரும்பலகையில் கோடு கிழித்து எழுதிப் போட்டவள். ஆனாலும் மகளின் முதுகில் முதல் கொப்புளத்தைக் கண்டதும் பால்காரரிடம் வேப்பிலைக்குத்தான் சொல்லி அனுப்பினேன்.

மரச்செருப்பு படியேறிற்று. நான் ஓடிப்போய் மாடிப்படியின் உச்சியில் நின்றேன். வராதே என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு கையையும் குறுக்கே நீட்டினேன். அவள் அதை வரவேற்பு என்று எடுத்துக்கொண்டு, தான் ஏந்தி வந்த தட்டை என் கைகளில் வைத்தாள். பச்சையும் சிவப்புமாக அடுக்கடுக்கான அரிசிமாவுப் பலகாரம். வாழையிலை மணந்தது.

"என்ன பண்டிகை?" என்று சந்தை மலாயில் கேட்டாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த அரைகுறைப் பாஷைதான். "இலை கட்டியிருக்கிறாய், மஞ்சள் துணி கட்டியிருக்கிறாய், என்னிடம் மட்டும் சொல்லவில்லை. பலகாரம் எல்லாம் நீயே தின்றுவிடலாம் என்றா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் தட்டோடு நின்றேன். அதற்குள் அந்தக் குட்டி என் புடவைக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து உள்ளே போய்விட்டது. நான் திரும்பிப் பார்க்கும்போது கட்டிலில் ஏறி என் மகளோடு ஒரே தலையணையில் தலை வைத்துக்கொண்டிருந்தது. என் மகளுக்கு இரண்டு நாளாகப் பேச ஆள் இல்லாத ஏக்கம். சட்டையைத் தூக்கி, "பாரு, எனக்கு முத்து போட்டிருக்கு" என்று தமிழில் பெருமையாகக் காட்டினாள்.

அந்த அம்மாளும் பார்த்தாள்.

அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பேத்தியை ஒரு கையால் வாரி இடுப்பில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். ஒரு மரச்செருப்பு பாதிப்படியில் கழன்று கிடந்தது. தெருவில் இறங்கி அம்மை என்பதைச் சீனத்திலும் மலாயிலும் கத்தினாள். எதிர் வரிசைக் கடைகளில் பலகைக் கதவுகள் சாத்தப்படுவதை முன்னறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். தட்டு அப்போதும் என் கையில்தான் இருந்தது.

அந்த ஊருக்கு நாங்கள் எப்படிப் போனோம் என்பதைச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரியில் புளியும் தோலும் வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் குடும்பத்துக்குப் பினாங்கில் சரக்குக் கிடங்கு இருந்தது. என் கணவர் அவர்களிடம் கணக்குப் பார்த்தார். இங்கிலீஷ் தெரிந்தவர், நாலு பாஷை பேசுவார் என்று முதலாளி அவரை அங்கே அனுப்பினார். இங்கே சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அங்கே இன்னும் வெள்ளைக்காரன் கொடி பறந்தது. நாங்கள் பத்து வருஷம் காத்திருந்து பெற்ற ஒரே மகளுக்கு அப்போது எட்டு வயது. சமுத்திரத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த ஊர்த் தமிழர்கள் முதலில் கேட்பது எந்த ஜில்லா என்பதுதான். ராமநாதபுரத்துக்காரர்கள் ஒரு கூட்டம், தஞ்சாவூர்க்காரர்கள் ஒரு கூட்டம், யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஒரு கூட்டம். மாதம் ஒரு ஞாயிறு பெண்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். பாட்டு, காப்பி, புடவைப் பேச்சு. முதல் தடவை நான் போனபோது கூட்டத்தின் தலைவி, தஞ்சாவூர்ப் பக்கம், அரசாங்க எஞ்சினீயர் மனைவி, என்னைப் பார்த்து, "நீங்க எந்தப் பக்கம்?" என்றார்.

"சேலம் ஜில்லா. கிருஷ்ணகிரி."

"அது மைசூர் இல்லையோ?"

"இல்லீங்க. மைசூர் எல்லை. நாங்க தமிழ்தான்."

"பேச்சுல கொஞ்சம் கன்னட வாடை வர்றதே" என்று பக்கத்திலிருந்தவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் பாயின் கடைசியில்தான் எனக்கு இடம். மாதா மாதம் போனேன். மூன்றாம் மாதம் ஒரு பெண் என் மகளின் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். ஆறாம் மாதம் யாரோ என்னை டீச்சரம்மா என்று கூப்பிட்டார்கள். ஒரு வருஷம் கழிந்தபின் ஒரு நாள் தலைவி, "அடுத்த மாசம் உங்க வீட்டில் வச்சுக்கலாமே" என்றார். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் தரையில் நடக்கவில்லை.

அந்த ஞாயிறு, என் வீட்டு ஞாயிறு, நான் சொல்லிக்கொண்டிருக்கும் சனிக்கிழமைக்கு மறுநாள். ரவையும் சர்க்கரையும் காப்பிப் பொடியும் வாங்கி வைத்திருந்தேன். எதிர்க்கடையில் இரவல் நாற்காலிக்குக்கூடச் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை இலை கட்டியபோது, அவர்களுக்கு ஆள் அனுப்பிச் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். சொல்வதென்றால் பெயரைச் சொல்ல வேண்டும். தமிழ்ப் பெண்கள்தானே, இலையைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஐந்து மணி வாக்கில் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். காக்கி அரைக்கால் சட்டை, தொப்பி. மலையாளி, தமிழ் நன்றாகப் பேசினார். கட்டிலிலிருந்து மூன்றடி தள்ளி நின்றே பார்த்தார்.

"கப்பலில் எப்ப வந்தீங்க?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது."

"வீட்டுக்காரர் எங்க வேலை?"

"சரக்குக் கிடங்குல. மதராஸ் கப்பல் சரக்கு வரும்."

"அப்ப மதராஸ் கப்பல் ஆளுங்களோட தினமும் பழக்கம்."

மகளின் புஜத்தைத் திருப்பி அம்மை குத்தின தழும்பைக் காட்டினேன். "கப்பலுக்கு முன்னாலேயே குத்தியாச்சு. சர்ட்டிபிகேட் எடுத்துத் தரட்டுமா?"

"அது எல்லார் கையிலும் இருக்கும்மா. வாங்கறதும் ஒண்ணும் கஷ்டமில்ல."

"இது சின்னம்மைங்க. நான் டீச்சர். எனக்குத் தெரியும்."

"நான் என்னை டாக்டர்னு சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். துறைமுக டாக்டர் வெளியூர் போயிருந்தார், செவ்வாய்க்கிழமைதான் திரும்புவார். பெரியம்மை என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்கக் கூடாது என்பது சட்டம். திங்கட்கிழமை எட்டு மணிப் படகில், தொற்றுநோய்க்காரர்களை ஒதுக்கி வைக்கும் தீவுக்கு மகளைக் கொண்டுபோவார்கள்.

"நான் கூட வர்றேன்."

"தாய்க்கு அனுமதி இல்ல. அங்க ஆயா இருக்காங்க."

"ஒன்பது வயசுங்க. அவளுக்கு மலாய் நாலு வார்த்தைதான் தெரியும்."

அவர் படிப்பக்கம் திரும்பினார். திங்கட்கிழமைக்குள் வேறு டாக்டர் யாராவது பார்த்து எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டேன். ஏற்றுக்கொள்வேன் என்றார். படியிறங்கும்போது, "ஆனா நாளைக்கு ஞாயித்துக்கிழமை. இந்த வாசலுக்கு எந்த டாக்டர் வருவார், சொல்லுங்க" என்றும் சொன்னார்.

எங்கள் கதவிலும் அடுத்த வீட்டுக் கதவிலும் சிவப்பு எழுத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மலாய்ப் போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பேத்தி என் மகளைத் தொட்டுவிட்டதால் அவர்களும் வெளியே வரக்கூடாது. என் மகளுக்குப் பெரியம்மை என்றால் அந்தக் குழந்தைக்கும் தீவுதான் என்று இன்ஸ்பெக்டர் அங்கே சொல்வது சுவர் வழியே கேட்டது. பிறகு அந்த அம்மாளின் அழுகை.

அந்தத் தீவை நான் பார்த்திருந்தேன். நாங்கள் வந்த கப்பல் அதன் எதிரில்தான் நங்கூரம் போட்டது. மேல்தளத்தில் பாய் விரித்துப் பயணம் செய்தவர்களையெல்லாம் அங்கே இறக்கினார்கள். எங்கள் டிக்கெட் அதைவிட ஒரு படி மேல் என்பதால் எங்களை விட்டுவிட்டார்கள். ஒரு பெண் மூட்டையோடு கயிற்று ஏணியில் இறங்கினாள். அவளுடைய பிள்ளையை வேறு படகில் வைத்தார்கள். அவள் கத்தியது காற்றில் எங்களுக்குக் கேட்கவில்லை, வாய் மட்டும் தெரிந்தது. நான் என் மகளின் முகத்தை வேறு பக்கம் திருப்பினேன்.

ஆறு மணிக்கு என் கணவர் வேலையிலிருந்து வந்தார். அவரை உள்ளே விடவில்லை. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். நான் முன்னறை ஜன்னலில் நின்றேன்.

"ஏம்மே, வாய் எங்க போச்சு உனக்கு? வந்தவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

"சொல்லக்கூடாதுன்னுதானே இலை கட்டறது."

"நம்மூர்ல நாய்கூட அந்த இலையைப் பார்த்துட்டுத் திரும்பிப் போவும். இந்தச் சீனத்தம்மாவுக்கு என்னா தெரியும்? தோரணம்னு நெனச்சிருக்கு."

"நீங்களும் காலையில அதைத் தாண்டித்தானே வேலைக்குப் போனீங்க? நீங்க யார்கிட்ட சொன்னீங்க?"

அவர் தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டார். போலீஸ்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எதிர்க்கடையில் நாலைந்து தமிழர்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது என் கணவர் கன்னடத்துக்கு மாறினார். ஊரில் சந்தையிலும் பஸ்ஸிலும் நினைக்காமலே மாறிக்கொள்வோம். அங்கே அது எங்கள் இருவருக்கு மட்டும் பூட்டிய அறை போல ஆயிற்று. பயப்படாதே, டாக்டர் தேடுகிறேன், கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் பின்சந்தில் வந்து நிற்பேன், பிள்ளையைப் போர்த்திக் கொண்டுவா, கிடங்கின் மேல்மாடியில் மறைத்து வைப்போம் என்றார். சாதாரணமாகச் சாப்பாடு பற்றிப் பேசுகிற குரலில் சொன்னார். நானும் அரிசி இருக்கிறது என்று சொல்கிற குரலில் சரி என்றேன்.

இப்போது கிருஷ்ணகிரியில் இருக்கிறோம். பெங்களூர் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் வீடு. நான் மறுபடி பள்ளிக்கூடம் போகிறேன். சொந்தக்காரர்கள் வந்தால், சமுத்திரம் எப்படி இருந்தது, தினமும் பார்ப்பீர்களா என்று கேட்கிறார்கள். எனக்கு ஞாபகத்தில் முதலில் வருவது அந்த ஜன்னலும் கீழே தெரிந்த போலீஸ்காரரின் தொப்பியும்தான். கதவை யாராவது கேட்காமல் திறந்தால் இன்றும் திடுக்கிட்டு எழுந்து நிற்கிறேன். மகள், "ஏம்மா இப்படிப் பதர்றே?" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அடுத்த வீட்டு அம்மாள் ஜன்னலில் நின்று கத்த ஆரம்பித்தாள். சீன மொழி, எனக்கு ஒரு வார்த்தை புரியாது. கொஞ்சம் ஓயும், மறுபடி ஆரம்பிக்கும். தெருவில் ஒருவன் பதிலுக்குக் கத்துவான். என்னைத்தான் ஊர் முன்னால் திட்டுகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றும் நினைத்தேன். அவள் கொண்டுவந்த பலகாரம் தட்டோடு சமையலறையில் இருந்தது. அதைத் தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை, அம்மா இருக்கிற வீட்டிலிருந்து திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

பத்து மணிக்கு மாதர் கூட்டத்துப் பெண்கள் வந்தார்கள். மூன்று சைக்கிள் ரிக்‌ஷாக்கள். பட்டுப்புடவை, கையில் சுருதிப்பெட்டி, இரண்டு பேர் இடுப்பில் குழந்தைகள். போலீஸ்காரரைப் பார்த்ததும் ரிக்‌ஷாவில் இருந்தபடியே நிறுத்தினார்கள். தலைவி அண்ணாந்து பார்த்தார்.

"என்ன டீச்சரம்மா! காப்பிக்கு வரச்சொல்லிட்டு வாசல்ல போலீஸ் போட்டிருக்கேளே!"

பின் ரிக்‌ஷாவில் சிரிப்பு. பிறகு அவர் கண் வாசல் நிலைக்குப் போயிற்று. சிரிப்பு நின்றது.

"அம்மா வந்திருக்காளா?"

தலையை ஆட்டினேன்.

"என்னிக்கு?"

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமையா! ஒரு ஆள்கிட்ட சொல்லி அனுப்பப்படாதா? குழந்தைகளைத் தூக்கிண்டு வந்திருக்கோமே. இது என்ன உங்க ஊர்த் தெருவா, கோடியிலேயே இலையைப் பார்த்துட்டு நாங்க திரும்பிப் போக?"

"கூட்டத்துல சேர்த்துண்டதே தப்பு. அந்தப் பக்கத்து ஜனங்க அப்படித்தான்னு அப்பவே சொன்னேனா இல்லையா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யார் என்று தெரிந்தது. என் மகளின் பின்னலைத் தொட்டுப் பார்த்தவள்.

எனக்கு ரோஷப்பட நேரமில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் உங்க வீட்டுக்காரருக்குப் பழக்கம்னு சொன்னீங்களே. ஒரு தடவை வந்து பாக்கச் சொல்லுங்க. இது சின்னம்மைதான். நாளைக்குக் காலையில பிள்ளையைத் தீவுக்குக் கொண்டுபோறேங்கறாங்க."

"பழக்கம்தான்…" என்று இழுத்தார். அவர் முகம் நிஜமாகவே வாடிற்று. "சொல்லிப் பார்க்கிறேன். ஞாயித்துக்கிழமை அவர் எங்கே இருப்பாரோ. சொல்லிப் பார்க்கிறேன், டீச்சரம்மா."

ரிக்‌ஷாக்கள் திரும்பின. வளைவில் ஒரு குழந்தை எனக்குக் கையாட்டியது. அதன் கையை யாரோ பிடித்துக் கீழே இறக்கினார்கள். மத்தியானம் முழுவதும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவி அனுப்பி யாரும் வரவில்லை. என் கணவர் இரண்டு தடவை வந்தார். மூன்று டாக்டர் வீட்டுப் படி ஏறியிருக்கிறார். இருவர் வீட்டில் இல்லை, மூன்றாமவர் தெருவின் பெயரைக் கேட்டதும் உள்ளே போய்விட்டாராம். அதையும் கன்னடத்தில்தான் சொன்னார். "சாயங்காலம்" என்றார் கடைசியில்.

பின்னறையில் மகள் ஜுரம் இறங்கி விளையாட ஆரம்பித்திருந்தாள். காற்றும் வெளிச்சமும் படக்கூடாது என்று அந்த அறை ஜன்னலைச் சாத்திப் போர்வை தொங்கவிட்டிருந்தேன். "அம்மா, படகுல போனா மீன் தெரியுமா?" என்று கேட்டாள். யார் சொன்னது என்றேன். "அந்தத் தொப்பிக்காரர் சொன்னாரே. நீயும் வருவேதானே?" அவளுக்கு வேப்பிலையால் வருடிக்கொடுத்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் அவளைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை; கால் என் முழங்காலைத் தாண்டித் தொங்கிற்று. அந்த ஊர் வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. கக்கூஸ் வாளி எடுக்கிறவர்கள் வந்துபோகிற வழி. அங்கே காவல் இல்லை. சமையலறையைத் தாண்டிப் பின்கதவுத் தாழ்ப்பாளை நீக்கினேன். சந்தின் கோடியில் என் கணவர் நிற்பது தெரிந்தது.

அடுத்த வீட்டுப் பின்கதவும் திறந்திருந்தது. அந்த அம்மாள் வாசற்படியில் குந்தி உட்கார்ந்து கரியடுப்பை விசிறிக்கொண்டிருந்தாள். கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் போர்வையைப் பார்த்தாள்.

"எங்கே?" என்றாள்.

நான் பிள்ளையை இறுக்கிக்கொண்டு ஓரமாக நகர்ந்தேன்.

"நீ போய்விடுவாய். காலையில் வருவார்கள். வீடு காலி. பிறகு யாரைக் கொண்டுபோவார்கள்?" விசிறியால் தன் வீட்டுக்குள் காட்டினாள். உள்ளே அந்தக் குட்டி ஏதோ பாடிக்கொண்டிருந்தது. "அதன் அம்மா இல்லை. நான்தான். அதைக் கொண்டுபோனால் நான் என்ன செய்வேன்?"

"என் மகளைக் கொண்டுபோனால் நான் என்ன செய்வேன்?" என்றேன். மூன்று நாளில் நான் அவளிடம் சொன்ன முதல் வாக்கியம், அதுவும் உரக்க. அம்மா இருக்கிற வீட்டில் உரக்கப் பேசக்கூடாது என்பது சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.

அவள் எழுந்து சந்தின் குறுக்கே நின்றாள். என்னைத் தொடவில்லை. "உட்கார்" என்றாள். "நாளைக் காலை வரை உட்கார்." வேறு ஏதோ சொல்ல முயன்றாள், மலாயில் வார்த்தை கிடைக்காமல் சீனத்தில் சொன்னாள், எனக்குப் புரியவில்லை என்று தெரிந்து காலால் தரையைத் தட்டினாள்.

கோடியில் நின்றவர் எல்லாவற்றையும் பார்த்தார். அவர் வந்து அவளைத் தள்ளியிருக்கலாம். நானே தள்ளியிருக்கலாம், அவள் என்னைவிடச் சின்ன உருவம். உள்ளே அந்தப் பாட்டு நின்று, ஒரு குட்டித் தலை எட்டிப் பார்த்தது. என் மகள் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து அதற்கு ஆட்டினாள். நான் திரும்பி உள்ளே போய்க் கதவைத் தாழிட்டேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு முன்பே இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். கூட இரண்டு ஆட்கள், ரப்பர் துணி விரித்த ஒரு தூக்குக்கட்டில். என் கணவரும் தெருவில் வந்து நின்றார். நான் மகளுக்குத் தலை வாரி வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். மாற்றுச் சட்டையை ஒரு துணியில் முடிந்து கொடுத்தபோது, "உனக்கு எடுத்துக்கலியா?" என்றாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாகத்தான், எடுத்துவிட்டார். நான் அவள் காலைப் பிடித்திருந்தேன். விடுங்கம்மா, விடுங்கம்மா என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

தெருவில் ரிக்‌ஷா மணி விடாமல் அடித்தது. அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து அந்த அம்மாளின் குரல், நேற்று முழுக்கக் கேட்ட அதே கத்தல். கீழே ரிக்‌ஷாக்காரன் பதிலுக்குக் கத்திவிட்டு, போலீஸ்காரரிடம் மலாயில் உரக்க முறையிட்டான்: "ஞாயிற்றுக்கிழமை முழுக்க டாக்டரைத் தேடி என்னை ஓடவிட்டாள். ஒரு வீட்டில் இல்லை என்று வந்து சொன்னால் ஜன்னலிலிருந்து அடுத்த வீட்டைச் சொல்கிறாள். இவளோடு சீட்டாட வருகிற பெண்கள் எல்லார் வீட்டுக்கும் போயாகிவிட்டது. கடைசியில் ஒருத்தியின் மகள் டாக்டராம். வெளியூரில் பிரசவம் பார்க்கப் போனவள், இன்றைக்கு முதல் படகில்தான் வந்தாள். என் காலைப் பார்!"

படியில் வேகமான காலடி. ஒரு சீனப் பெண், முப்பது வயதுகூட இருக்காது, குட்டை முடி, கசங்கிய உடை, கையில் தோல்பை. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். அவருக்கு அவளைத் தெரிந்திருந்தது. அவள் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ரப்பர் துணியில் கிடந்த என் மகளை எழுப்பி உட்காரவைத்து, உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். பாதங்களைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையைக் கழற்றி முதுகை வெகு நேரம் பார்த்தாள். ஒரு கொப்புளத்தைக் காட்டினாள், காய்ந்து பொருக்கு கட்டியிருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று, அன்று காலையில் முளைத்தது போல. இன்ஸ்பெக்டரிடம் இங்கிலீஷில், "நீங்களே பாருங்கள், கொப்புளங்கள் எல்லாம் வேறு வேறு வயது, பெரியம்மை என்றால் எல்லாம் ஒரே வயதில் இருக்கும். உள்ளங்கையில் ஒன்றுகூட இல்லை. இது சின்னம்மை. எழுதித் தருகிறேன்" என்றாள். அவர் குனிந்து பார்த்தார். பிறகு தூக்குக்கட்டில் ஆட்களைப் பார்த்துக் கையசைத்தார்.

நான் இன்னும் மகளின் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, சுற்றிலும் பார்த்துவிட்டு, மலாயில் என்னிடம் சொன்னாள்:

"குழந்தை எங்கேயும் போக வேண்டாம். பக்கத்து வீட்டுக் குட்டிக்கும் இரண்டு வாரத்தில் வரும், அதுவும் போய்விடும். முதலில் எழுந்து அந்த ஜன்னலைத் திற அம்மா. இந்த அறையில் எனக்கே மூச்சு முட்டுகிறது."